காத்திருக்கும் செடியும் காத்திருக்காத செடியும்



இந்த மாதப் பாடம் ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் கர்ம யோகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். படிவம் 2 படிக்கும் தம்பி ஒருவன் கையைத் தூக்கினான். "அண்ணா, கேம் விளையாடுறது பாவமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, "அளவோட விளையாடினா தப்பில்ல தம்பி" என்று எல்லாரும் சொல்லும் பதிலைச் சொன்னேன். அவன் விடவில்லை. "அளவுன்னா எவ்ளோண்ணா?" என்றான்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், என்னிடம் பதில் இல்லை. "அடுத்த வாரம் சொல்றேன்" என்று தப்பித்தேன்.

அப்போது எனக்குப் பல்கலைக்கழக விடுமுறை. சரி, ஒரு வாரம் விளையாடியே பார்த்துவிடலாம், மனதில் என்ன நடக்கிறது என்பதை நோட்டில் எழுதி வைக்கலாம் என்று முடிவு செய்தேன். ஆராய்ச்சி என்று பெரிதாகப் பெயர் வைத்தேன். விளையாடவும் ஆசைதான், அதை மறைக்கவில்லை.

அதே வாரம் பாட்டி தைப்பிங்கில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் புறப்பட்டார். எங்கள் வீட்டு வாசலில், கார் நிற்கும் தகரக் கூரைக்குக் கீழே, பசாரில் மீன் வரும் வெள்ளைப் பெட்டிகள் மூன்று இருக்கின்றன. அவற்றில் பாட்டி செண்டுமல்லி நாற்று விட்டிருந்தார். முளைத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. நவராத்திரிக்கு நம் இளைஞர் பகுதி கோயிலுக்கு மாலை கட்டும் அல்லவா, அதற்கான பூ. கிளம்பும்போது பாட்டி சொன்னது இவ்வளவுதான்: "காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி. கையால தெளிக்கணும். குழாயப் புடிச்சு அடிச்சிடாத."

"சரி பாட்டி" என்றேன்.

1. திங்கள், செவ்வாய்: பழைய மெஷின்கள்

மாமாவிடம் தொலைக்காட்சியில் பொருத்தி விளையாடும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அவர் சின்ன வயதில் காசு போட்டு விளையாடிய கேம்கள் பல அதில் உண்டு. "எங்க காலத்துல தோத்தா அடுத்த காசு வேணும். காசு இல்லைன்னா பின்னால நின்னு மத்தவங்க ஆடுறதப் பாக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

முதலில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ். 1978இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கியது. மேலே 5 வரிசை, வரிசைக்கு 11 என மொத்தம் 55 எதிரிகள் நகர்ந்து நகர்ந்து கீழே இறங்குவார்கள். நாம் கீழிருந்து சுட வேண்டும். எதிரிகள் குறையக் குறைய மிச்சம் இருப்பவர்கள் வேகமாக ஓடுவார்கள். கடைசி ஒருவனைச் சுடுவதற்குள் கை வேர்த்துவிடும்.

இந்த வேகம் வந்த கதை சுவையானது. அந்தக் காலத்து மெஷினால் 55 உருவங்களையும் சட்டென்று வரைய முடியவில்லை. உருவங்கள் குறைந்ததும் மெஷினின் சுமை குறைந்து, தானாகவே வேகம் கூடியது. நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். குறை என்று நினைக்க வேண்டியதே விளையாட்டின் உயிராக ஆகிவிட்டது.

அடுத்தது பேக்மேன். 1980இல் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி உருவாக்கியது. மஞ்சள் வட்டம் ஒன்று புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும், நான்கு பேய்கள் துரத்தும். முதல் நாள் நான் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவதுபோல ஓடினேன், மாட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டாம் நாள் ஓடாமல் பேய்களைக் கவனித்தேன். அப்போதுதான் தெரிந்தது, நான்கும் ஒரே மாதிரி துரத்துவதில்லை. சிவப்புப் பேய் நம் பின்னாலேயே வரும். இளஞ்சிவப்புப் பேய் நாம் போகும் திசையில் 4 கட்டம் முன்னால் குறிவைக்கும். ஆரஞ்சுப் பேய் நெருங்கி வந்து, 8 கட்டத்துக்குள் வந்ததும் தன் மூலைக்குத் திரும்பிவிடும். நீலம், சிவப்பு நிற்கும் இடத்தையும் நம் இடத்தையும் சேர்த்துக் கணக்குப் போடும். அதோடு, நான்கும் இடையிடையே துரத்துவதை நிறுத்திவிட்டுத் தத்தம் மூலைகளுக்குப் போகும். முதல் சுற்றின் தொடக்கத்தில் அந்த ஓய்வு 7 விநாடி.

நோட்டில் எழுதினேன்: "பயந்து ஓடினால் எல்லாப் பேயும் ஒன்றுதான். நின்று பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி இருக்கிறது." கோபமும் ஆசையும் பொறாமையும் அப்படித்தான் இல்லையா? எந்த நேரத்தில், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனித்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றும் எழுதினேன். இந்த மெஷின்களில் வெற்றி என்று ஒன்று கிடையாது. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 பேரையும் சுட்டால் இன்னும் 55 பேர் வருவார்கள். பேக்மேனில் சுற்று எண்ணை வைத்துக்கொள்ளும் இடம் 255 வரைதான் தாங்கும். 256ஆம் சுற்றில் அது நிரம்பி வழிந்து, திரையின் வலது பாதி முழுவதும் எழுத்தும் குறியுமாகக் குழம்பிப்போகும். அந்தச் சுற்றை யாராலும் முடிக்க முடியாது. உலகத்திலேயே நன்றாக ஆடுபவருக்கும் முடிவு அதுதான். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மெஷினை அணைத்தால் எடுத்த உச்ச மதிப்பெண்ணும் போய்விடும்.

ஆனாலும் மாமாவும் அவர் நண்பர்களும் ஆடினார்கள். ஆடும்போது கைக்கும் கண்ணுக்கும் கிடைத்த அந்த ஒருமுகமே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. பலனைப் பிடித்துக்கொள்ளாமல் செயலில் நிற்பது என்று வகுப்பில் நான் சொன்னதன் ஒரு சின்னச் சாயலை இங்கே பார்த்தேன்.

அந்த இரண்டு நாளும் காலையிலும் மாலையிலும் செடிக்குத் தண்ணீர் தெளித்தேன். பழைய மெஷினில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. மூன்று உயிர் போனால் ஆட்டம் முடிந்தது. திரையில் முடிவு என்று வந்ததும் எழுந்துபோக மனம் வரும்.

2. புதன் முதல் ஞாயிறு வரை: பண்ணை

புதன்கிழமை ஸ்டார்டியூ வேலியைத் திறந்தேன். உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். அமெரிக்காவைச் சேர்ந்த எரிக் பரோன் சுமார் நாலரை ஆண்டு தனி ஆளாக உட்கார்ந்து, படம், இசை, கதை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டது. தாத்தா சாகும் தறுவாயில் பேரனுக்கு ஒரு கடிதம் கொடுக்கிறார். பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்துச் சோர்ந்துபோன ஒருநாளில் பேரன் அதைப் பிரிக்கிறான். தாத்தாவின் பழைய பண்ணை இனி அவனுக்கு. அங்கே போய்க் கல்லையும் களையையும் அகற்றி, மண்ணைக் கொத்தி, விதை போட்டு, தண்ணீர் ஊற்றுவதுதான் விளையாட்டு.

முதல் நாள் பார்ஸ்னிப் என்ற கிழங்கின் விதை 15 கிடைக்கும். தினமும் தண்ணீர் ஊற்றினால் 4 நாளில் அறுவடை. ஆண்டுக்கு 4 பருவம், பருவத்துக்கு 28 நாள். விளையாட்டின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். ஊரில் இருக்கும் மதுக்கடையில் ஒரு பழைய கேம் மெஷின்கூட நிற்கிறது. பண்ணைக்கு வந்தும் மெஷின் என்னை விடவில்லை!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரவு படுக்கப் போனால்தான் விளையாட்டு பதிவாகும். பதிவான மறுகணமே அடுத்த நாள் காலை 6 மணி. கோழி கூவிவிடும், வாசலில் கடிதம் வந்திருக்கும், நேற்று ஊற்றிய செடி ஒரு விரல் உயர்ந்திருக்கும். எங்கே நிறுத்துவது? "இந்த ஒரு நாள் மட்டும்" என்று சொல்லிச் சொல்லியே ஐந்து நாள் போய்விட்டது. பழைய மெஷின் நம்மைத் தோற்கடித்து வெளியே அனுப்பியது. இந்தப் பண்ணை நம்மை அன்பாகவே உட்கார வைத்துவிடுகிறது.

முதல் பருவத்தின் 3ஆம் நாள் விளையாட்டில் மழை. மழை பெய்தால் எல்லாச் செடிக்கும் தண்ணீர் கிடைத்துவிடும், அன்று நமக்கு வேலை மிச்சம். அதே புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வட்டாரத்திலும் நல்ல மழை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "அப்பாடா, பாட்டி செடிக்கும் ஆச்சு" என்று நினைத்துக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்தேன்.

தகரக் கூரை இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இருபது வருடமாக அந்தக் கூரைக்குக் கீழேதான் செருப்பைக் கழற்றுகிறேன்.

சனிக்கிழமை விளையாட்டில் ஒரு சோகம். வசந்தத்தின் 20ஆம் நாள் காலிஃபிளவர் விதை போட்டிருந்தேன். அது விளைய 12 நாள் ஆகும். 28ஆம் நாளோடு பருவம் முடிந்து, மறுநாள் காலை எல்லாம் பட்டுப்போய்க் கிடந்தன. கணக்குப் பார்க்காமல் நட்டுவிட்டோமே என்று மனம் உண்மையாகவே கனத்தது. அந்தக் கனத்தோடு எழுந்து சமையலறைக்குப் போனேன், தேநீர் கலக்கினேன், திரும்பி வந்தேன். வாசல் கதவு பத்து அடி தூரத்தில் இருந்தது.

3. மறு திங்கள்

பாட்டி காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நேராகப் பெட்டிகளிடம் போனார். நாற்றுகள் நூல் மாதிரி சுருங்கி மண்ணில் ஒட்டிக் கிடந்தன. மண் வெடித்திருந்தது. விரலால் ஒன்றைத் தொட்டார், பொடியாக உதிர்ந்தது.

"எத்தன நாள் ஊத்துன?"

"ரெண்டு நாள் பாட்டி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "தோட்டம் போடுற கேம்னு அத்தைகிட்ட போன்ல சொன்னியே, அதுல செடிக்குத் தண்ணி ஊத்துனியா?"

"ஊத்தினேன்."

"தெனமுமா?"

"தெனமும்."

பாட்டி சிரித்தார். திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்று இரவு கணக்குப் போட்டேன். விளையாட்டில் இரண்டு பருவம் முடித்திருந்தேன். 56 நாள், நாளுக்கு 14 நிமிடம், மொத்தம் 784 நிமிடம். 13 மணி நேரத்துக்கு மேல். பாட்டியின் மூன்று பெட்டிக்கும் ஒரு நாளைக்குக் காலையும் மாலையும் சேர்த்து 10 நிமிடம் போதும். ஏழு நாளைக்கு 70 நிமிடம்.

ஆகவே நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. பொறுமை இல்லை, ஒழுங்கு இல்லை, செடி மேல் அன்பு இல்லை என்றும் சொல்ல முடியாது. அத்தனையும் என்னிடம் இருந்தன. எல்லாவற்றையும் திரைக்குள் ஊற்றிவிட்டேன்.

4. இதில் உள்ள பாடம்

அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. செடிக்கு ஒருநாள் தண்ணீர் ஊற்றவில்லை என்றால் அது சாகாது. அன்று வளராமல் அப்படியே நிற்கும், அவ்வளவுதான். விளையாட்டை அணைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துத் திறந்தாலும் அதே நாள், அதே காலை, அதே மண். அந்தச் செடி நமக்காகக் காத்திருக்கும்.

வாசலில் இருந்த செடி காத்திருக்கவில்லை. அதற்கு அன்றைய தண்ணீர் அன்றைக்கே வேண்டும். நாளை இரண்டு மடங்கு ஊற்றி ஈடுகட்ட முடியாது.

கடமை என்று நம் பெரியவர்கள் சொல்வதை நான் இத்தனை நாள் கனமான ஒரு சொல்லாகத்தான் கேட்டிருந்தேன். இப்போது எனக்கு அதன் பொருள் எளிமையாகப் புரிகிறது. எது காத்திருக்காதோ அது கடமை. பசித்த குழந்தை, வயதான பெற்றோரின் மருந்து வேளை, சந்தியா கால விளக்கு, நண்பனின் துக்க வீடு. எதற்கும் நிறுத்தி வைக்கும் பொத்தான் கிடையாது.

நம் சைவ சித்தாந்தம் இறைவனை அடையும் நெறிகளைச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்காகச் சொல்கிறது. இதில் முதல் படி சரியை. கோயிலைப் பெருக்குவது, மெழுகுவது, பூப் பறிப்பது, மாலை கட்டுவது, நந்தவனம் வைப்பது, விளக்கேற்றுவது எல்லாம் இதில் அடங்கும். உடம்பால் செய்யும் சின்னச் சின்ன வேலைகள். இந்த நெறிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் அப்பர் என்னும் திருநாவுக்கரசர். அவர் சிலையைக் கோயிலில் பாருங்கள். தோளில் சாய்ந்தபடி ஒரு கருவி இருக்கும். அதுதான் உழவாரம், புல் செதுக்கும் கருவி. எவ்வளவோ பதிகம் பாடிய பெருமானை நாம் அடையாளம் காண்பது அந்தக் கருவியால்தான்.

பெரிய புராணம் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இந்தப் பாடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. திருப்புகலூரில் அப்பர் கோயில் முற்றத்தில் உழவாரப் பணி செய்துகொண்டிருக்கிறார். கருவி பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் தோன்றுகின்றன. நம் கேமில் மண்ணைக் கொத்தும்போது புதையல் வந்தால் எப்படிக் குதிப்போம்! அவர் என்ன செய்தார்? புல், கல் போலவே அவற்றையும் உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தார். முற்றம் சுத்தமாக வேண்டும், அதுதான் வேலை. பொன் வந்தாலும் அது முற்றத்தில் கிடக்கும் குப்பையே.

அதே திருப்புகலூரில் வாழ்ந்தவர் முருக நாயனார். பொழுது புலரும் முன் எழுந்து, நீராடி, பூப் பறித்து, வகைவகையாக மாலை கட்டி இறைவனுக்குச் சாத்தியது அவருடைய தொண்டு. 63 நாயன்மாரில் ஒருவராக அவரை வணங்குகிறோம். பூ காலத்தில் பூக்கும், காலத்தில் வாடும். பறிப்பவரும் காலத்தில் வர வேண்டும்.

கேமில் ஒவ்வொரு செயலுக்கும் உடனே ஒரு மணி ஒலிக்கும், ஒரு எண் ஏறும். மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் தாத்தாவே ஆவியாக வந்து, பண்ணையை மதிப்பிட்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார். மதிப்பு குறைந்தால் ஒரு வைரம் காணிக்கை வைத்து மறுபடி மதிப்பிடச் சொல்லலாம். சரியையில் இதெல்லாம் கிடையாது. பெட்டிக்குத் தண்ணீர் தெளித்தால் எந்த மணியும் ஒலிக்காது. தெளிக்காவிட்டாலும் ஒலிக்காது. ஐந்தாம் நாள்தான் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. எண்ணிச் சொல்ல ஆளில்லாத இடத்திலும் வேளை தவறாமல் செய்வதற்குத்தான் தொண்டு என்று பெயர்.

5. தம்பிக்குப் பதில்

அடுத்த ஞாயிறு வகுப்பில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பிறகு அந்தத் தம்பியிடம் சொன்னது இது:

"கேம் பாவம் இல்ல. பேக்மேன் எனக்குக் கவனிக்கக் கத்துக்குடுத்துச்சு. தனி ஆளா நாலரை வருஷம் உட்கார்ந்து ஒண்ண முடிச்ச எரிக் பரோன்கிட்ட நாம கத்துக்க எவ்வளவோ இருக்கு. அளவு எவ்ளோன்னு கேட்டல்ல? மணிக்கணக்குல எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா கேமைத் திறக்குறதுக்கு முன்னால ஒரே ஒரு கேள்வி கேளு: இப்ப இந்த வீட்டுல எது எனக்காகக் காத்திருக்காது? அத முடிச்சிட்டு வா. கேம் எத்தன நாளானாலும் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அண்ணா, அப்ப நவராத்திரிக்குப் பூ?"

இந்த நவராத்திரிக்கு மாலைப் பூ கடையிலிருந்துதான் வரும். அதற்கான காசை என் பகுதிநேர வேலைச் சம்பளத்திலிருந்து கொடுத்துவிட்டேன். கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. கையால் வளர்த்த பூவைச் சாத்த வேண்டும் என்று பாட்டி வைத்திருந்த ஆசையைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

பாட்டி அதே பெட்டிகளில் மண்ணைக் கிளறி மறுபடி விதை போட்டிருக்கிறார். எல்லாம் சரியாக அமைந்தால் தீபாவளியை ஒட்டிப் பூக்கும். இந்தத் தடவை தண்ணீர் தெளிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். பாட்டி உடனே தரவில்லை. மூன்று நாள் பக்கத்தில் நின்று பார்த்தார். நான்காம் நாள் காலை அவர் வாசலுக்கு வரவில்லை. உள்ளே தேவாரம் படிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே மதிப்பெண் அதுதான்.

செய்து பாருங்கள்

ஒன்று: உங்கள் வீட்டில் காத்திருக்காத வேலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். செடி, விளக்கு, தாத்தாவின் மருந்து, பூனைக்குச் சோறு, எதுவாகவும் இருக்கலாம். 7 நாள், ஒரே வேளையில், யாரிடமும் சொல்லாமல் செய்யுங்கள்.

இரண்டு: இந்த வாரம் விளையாடிய நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதுங்கள். பக்கத்தில் முதல் வேலைக்கு ஆன நிமிடத்தையும் எழுதுங்கள். கூட்டிப் பார்த்தால் போதும், யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

மூன்று: உங்கள் ஊர்க் கோயிலில் அடுத்த உழவாரப் பணி எப்போது என்று கேட்டுப் போங்கள். ஒரு மணி நேரம் புல் செதுக்கிவிட்டு வாருங்கள்.

வகுப்பில் பேசுவதற்கு

அ) உங்களுக்குப் பிடித்த விளையாட்டு உங்களிடம் எந்த நல்ல குணத்தை வளர்த்திருக்கிறது? அந்தக் குணம் திரைக்கு வெளியே எங்கே பயன்படுகிறது?

ஆ) அப்பர் பொன்னைக் குளத்தில் எறிந்தார். அதை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இ) கெட்டுப்போன பிறகு ஈடுசெய்ய முடியாத ஒன்று உங்கள் வாழ்க்கையில் நடந்ததுண்டா? அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்?

அடுத்த வகுப்பில் சந்திப்போம். அதற்கு முன், இதைப் படித்து முடித்ததும் ஒரு நிமிடம் எழுந்து உங்கள் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

திருச்சிற்றம்பலம்.